துப்பு என்றால் துரு

கல்யாணமாகி எட்டாம் நாள் என் புருஷன் மேல் நான் துப்பினேன். கோபத்தில் இல்லை. அவர் சொல்லித்தான் துப்பினேன்.

அவர் சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே ஓடிய ஒரு பஸ்ஸின் டிரைவர். வண்டி முதலாளியுடையது. ஆனால் ராத்திரி நிற்பது எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில். நான் ஆரணிப் பக்கத்துப் பெண். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள் என்று கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஆரணியும் சித்தூரும் அப்போது ஒரே மதராஸ் ராஜதானிதான். சபையும் ஒரே சபைதான். பேச்சுதான் வேறாக இருந்தது. சித்தூர்க்காரர்கள் தமிழில் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அது முடிகிறபோது தெலுங்காக இருக்கும். எனக்கு எங்கே மாறியது என்றே தெரியாது.

அன்றைக்கு அவர் வண்டியின் அடியில் மல்லாந்து படுத்து, இரும்புச் சட்டத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கேட்டதை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று, "துப்பு! துப்பு! அந்தாண்ட பாரு, துப்பு!" என்றார். வாயில் ஏதோ விழுந்துவிட்டது, என்னையும் துப்பச் சொல்கிறார் என்று நினைத்தேன். புதுப் பெண், சொன்னதைச் செய்ய வேண்டுமே. துப்பினேன். அது அவர் தோளில் விழுந்தது.

அவர் வெளியே வந்து என்னைப் பார்த்தார். நான் அழத் தயாராக இருந்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "துப்புன்னா தெலுங்குல துரு, மே. இரும்பத் துன்னுதே, அது. உன்ன யாரு துப்பச் சொன்னது?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கம்பி பிரஷ்ஷை எடுத்து வீசிவிட்டு உள்ளே போய்விட்டேன். எனக்கு எப்போதும் மூக்கு நுனியில் கோபம். இந்த வயதிலும் அது போகவில்லை.

பிறகு அந்தச் சொல் எங்கள் இருவருக்கும் சொந்தமாகிவிட்டது.

யுத்தம் வந்த பிறகுதான் நானும் வண்டியின் அடியில் படுக்க ஆரம்பித்தேன். கிளீனராக இருந்தவர் பட்டாளத்துக்குப் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருந்தது. அவருக்கு வெள்ளெழுத்து விழுந்திருந்தது. தூரத்தில் வரும் மாட்டு வண்டியின் கொம்புக்கு என்ன சாயம் பூசியிருக்கிறது என்று சொல்லுவார். முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் இருக்கிற ஆணி தெரியாது. முதலாளிக்குத் தெரிந்தால் ஸ்டியரிங்கை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார் என்று பயம். கண்ணாடி போட்டுக்கொள்ளவும் வெட்கம். "நீ பாத்துச் சொல்லு மே. உன் கண்ணு இருக்கையில எனக்கு இன்னாத்துக்குக் கண்ணாடி?" என்பார்.

அதனால் சனிக்கிழமை மத்தியானம் வண்டி திரும்பியதும் நான் சேலையை வரிந்து கட்டி, தலையில் அவருடைய பழைய துண்டைச் சுற்றிக்கொண்டு சாக்கை விரித்து உள்ளே போவேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டேன். வண்டிக்கு அடியில் கிடந்து மேலே பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. பயணிகள் பார்ப்பது பெயின்ட்டும் கண்ணாடியும். வண்டியைத் தாங்குவது அந்த இரண்டு நீளச் சட்டங்கள். அவற்றைப் பார்த்தவர்கள் ஊரில் நாங்கள் இரண்டு பேர்தான்.

வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் சட்டத்தின் உள்மடிப்பில் அடைந்திருக்கும் சேற்றைக் குச்சியால் நோண்டி எடுக்க வேண்டும். அந்தச் சேறு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு சுத்தியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு கணீர் என்னும். கெட்ட இடம் தொப்பென்று சொல்லும். ரிவெட் அடித்த இடங்களையும் வண்டியின் வில்லான கமான் பட்டை தொங்குகிற இடத்தையும் இரண்டு தரம் தட்ட வேண்டும். துரு இருந்தால் வெள்ளையாக இரும்பு தெரிகிற வரை சுரண்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காய விட்டு, அதற்குப் பிறகுதான் பூச்சு.

பூச்சு அவருடைய சொந்தத் தயாரிப்பு. யுத்தத்துக்கு முன்பு ரெட் லெட் என்று சிவப்புச் சாயம் ஒன்று வரும். பிறகு அது கண்ணிலேயே படவில்லை. கோயிலைப் பெருக்கி மணியடிக்கும் கோயில்குட்டியாரிடம் சொல்லி வைத்து, கிறிஸ்மஸ் ஆராதனையில் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளை வாங்கி வருவார். இஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலில் அவற்றைப் போட்டு இளஞ்சூட்டில் உருக்குவார். ஆறுவதற்குள் துணியில் தொட்டுச் சட்டம் முழுக்கப் பூசுவேன். ஆறினால் மெல்லிய தோல் போல ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடும். "வேற வண்டிங்களுக்குத் தார் பூசறாங்களே" என்று ஒருமுறை கேட்டேன். "தாரு மேல பளபளன்னு கீது. உள்ள அது பாட்டுக்குத் துன்னுக்கினே போவுது. வெளிய தெரியறதில்ல. அதான் மோசம்" என்றார்.

நான் அடியில் இருக்கும்போது அவர் வெளியே கரி உடைத்துக்கொண்டிருப்பார். பெட்ரோல் இல்லாத காலம் அது. வண்டியின் பின்னால் இடது பக்கத்தில் ஒரு பெரிய தகர உருளையை மாட்டி, அதில் கரி போட்டு எரித்து, அந்தப் புகையில்தான் பஸ் ஓடியது. அரை மணிக்கு ஒருமுறை, "துப்பு இருக்குதா மே?" என்று குரல் கொடுப்பார். இருந்தால் எந்த இடம் என்று சொல்வேன். உடனே கரியைப் போட்டுவிட்டு வருவார், கையால் தடவிப் பார்ப்பார். ஒன்றும் இல்லை, எல்லாம் சுத்தம் என்றால் நான் பதில் சொல்ல மாட்டேன். "த்தூ!" என்று ஒரு சத்தம் கொடுப்பேன். துரு இல்லை, இங்கே இருப்பது என் எச்சில் மட்டும்தான் என்று அர்த்தம். அவர் சிரிப்பார். "எம் பொண்டாட்டி துப்பிட்டா. வண்டி கெளம்பலாம்" என்பார். எட்டாம் நாள் நடந்ததை இப்படி ஒரு விளையாட்டாக மாற்றிவிட்டார். எனக்கும் அது உள்ளுக்குள் இனிப்பாக இருந்தது.

கடைசி வருஷத்தில் முதலாளி உப்பு ஏற்ற ஆரம்பித்தார். கூட்ஸ் வண்டிகள் பட்டாளத்துக்கென்று போய்விட்டதால் சித்தூர்க் கடைகளுக்கு உப்பு வந்து சேரவில்லை. ரேணிகுண்டாவில் இறங்கும் மூட்டைகளைத் திருப்பதியிலிருந்து திரும்பும் பஸ்ஸின் தலைமேலும் பின்சீட்டுக்கு அடியிலும் போட்டுக் கொண்டுவந்தார்கள். ஐப்பசி மழை. மூட்டை நனைந்து உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியே கீழே வடியும். அது போய்ச் சேருகிற இடம் சட்டத்தின் உள்மடிப்பு. அவர் முதலாளியிடம் இரண்டு தடவை சொன்னார். முதலாளி கேட்கவில்லை. "மேல உப்பு, கீழ துப்பு. நாம நடுவுல குந்திக்கினு போறோம்" என்று வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பயம் இருந்தது எனக்குத் தெரிந்தது.

அந்த மாதத்தில் மூன்று சனிக்கிழமைகள் விடாத மழை. கொட்டகைக்குள் தண்ணீர் நின்றதால் அடியில் படுக்க முடியவில்லை. நாலாவது சனிக்கிழமைக்கு முந்தின நாள் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை.

ஆரணியிலிருந்து என் அண்ணன் வந்திருந்தான். ஆராதனை முடிந்து, காணிக்கையாக வந்த நெல்லும் காய்கறியும் ஏலம் போய் முடிந்து எல்லோரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். நான் பெண்கள் பக்கத்தில் சாம்பார் வாளியோடு நின்றேன். ஆண்கள் பக்கத்தில் அவர் குரல் கேட்டது. எட்டாம் நாள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்தது, வாயைக் குவித்தது, எல்லாவற்றையும் நடித்துக் காட்டினார். அத்தோடு நிற்கவில்லை. "இன்னிக்கு வரைக்கும் துப்பிக்கினுதான் கீறா!" என்று முடித்தார். பந்தி முழுக்கச் சிரித்தது. என் அண்ணனுக்குப் புரை ஏறியது. உபதேசியார்கூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். என் பக்கத்தில் இருந்தவள், "இன்னா துப்பக்கா, சாம்பார் ஊத்து" என்றாள்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறோம் என்றே நினைத்திருப்பார். அது இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் இரண்டு பேருக்குள் மட்டும் இருந்த ஒன்றை எடுத்துப் பந்தியில் பரிமாறிவிட்டார். அவமானத்தைவிட அதுதான் வலித்தது. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் சனிக்கிழமை மழை விட்டிருந்தது. கோபம் கோபம், வேலை வேலை என்று சாக்கை எடுத்துக்கொண்டு அடியில் போனேன். வலது சட்டத்தில் அங்கங்கே செம்மை பூத்திருந்தது, சுரண்டினேன். இடது பக்கம் பின்னால், அந்தக் கரி உருளையைத் தாங்குகிற இடத்துக்கு வந்தபோது சேற்றை நோண்டின குச்சியோடு இரும்பும் வந்தது. அப்பளம் நொறுங்குவது போல ஏடு ஏடாக வந்தது. சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினேன். தொப்பென்றது. கண்ணில் தூள் விழுந்தது.

வெளியே அவர் கரி உடைக்கிற சத்தம். அந்தச் சத்தத்தில் என் சுத்திச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது. சட்டென்று நிறுத்திவிட்டுக் குரல் கொடுத்தார். "துப்பு இருக்குதா, துப்பக்கா?"

அந்த 'அக்கா'வையும் சேர்த்துச் சொன்னார். பந்தியில் இருந்தவள் வைத்த பேரை என் வீட்டுக் கொட்டகைக்குள் கொண்டுவந்துவிட்டார்.

நான் துப்பினேன். சத்தம் மட்டும் கொடுக்கவில்லை, நிஜமாகவே துப்பினேன். அவர் முகத்தில் துப்புவதாக நினைத்துக்கொண்டு அந்த மண்ணில் துப்பினேன்.

அவர் சிரித்தார். "துப்பிட்டாடா!" என்று காற்றில் யாருக்கோ சொன்னார். என் கோபம் தீர்ந்துவிட்டது, பழைய விளையாட்டுக்கு வந்துவிட்டேன் என்று அவருக்கு சந்தோஷம். அது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. அப்போதே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். இவரே வந்து கெஞ்சட்டும், அப்புறம் சொல்கிறேன் என்று வாயை மூடிக்கொண்டேன். சுரண்டாத அந்த இடத்தின் மேல் மெழுகும் ஆயிலும் கலந்த பூச்சைத் தடவினேன். தடவியதும் அது மற்ற இடங்களைப் போலவே கறுப்பாக, அழகாக ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நேரம் இருந்தது. கோயிலில் ஆண்கள் பக்கத்திலிருந்து இரண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். மத்தியானம் எனக்குப் பிடிக்கும் என்று தேங்காய்ப் பர்பி வாங்கி வந்து மாடத்தில் வைத்தார். நான் தொடவில்லை. சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. அந்த நேரம் பார்த்து, "இன்னும் இன்னாமே மூஞ்ச தூக்கி வச்சிக்கினு கீற? ஊரே சிரிச்சிட்டுப் போச்சு, நீயும் சிரியேன்" என்றார். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன். நாளைக்குத் திரும்பி வரட்டும், நாளைக்குச் சொல்லலாம். ஒருநாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை விடியலில் அவர் எழுந்தது, முகம் கழுவியது, கரி உருளையைப் பற்றவைத்தது எல்லாம் எனக்குக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறவளைப் போலக் கிடந்தேன். கதவருகில் நின்றார். "ஏமே, போய்ட்டு வரேன்" என்றார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். பர்பிப் பொட்டலம் மாடத்திலேயே இருந்தது. எறும்பு மொய்த்திருந்தது.

திரும்பும்போது உப்பு ஏற்றியிருந்தார்கள். மழையும் பிடித்துக்கொண்டது. சந்திரகிரி தாண்டி ஓர் ஓடை இறக்கத்தில் இடது சட்டம் முறிந்தது. உருளை ஒரு பக்கம் சாய்ந்து இழுக்க, வண்டி ஓடைக்குள் கவிழ்ந்தது. பயணிகளுக்குக் காயம்தான். கண்டக்டருக்குக் கை முறிந்தது. அவரை ஸ்டியரிங் நெஞ்சோடு அழுத்திக்கொண்டுவிட்டது. கட்டை வண்டியில் போட்டுத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். பாதி வழிக்கு மேல் அவர் இல்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி நல்ல மனிதராகத்தான் இருந்தார். முறிந்த சட்டத்தின் ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார். பிரித்து என் முன்னால் காட்டினார். மேலே கறுப்புப் பூச்சு பளபளவென்று இருந்தது. முறிந்த வாயில் செம்மண் போல இருந்தது. "அம்மா, துப்பு உந்தனி தெலுசா?" என்று கேட்டார். துரு இருந்தது தெரியுமா என்கிறார். அதற்குள் எனக்குத் தெலுங்கு நன்றாகவே வந்திருந்தது.

"தெலீது" என்றேன். தெரியாது.

பயம்தான். வேறு காரணம் சொன்னால் பொய். டிரைவர் வண்டியின் அடிப்பாகத்தைக் கவனிக்காமல் விட்டதால் நேர்ந்தது என்று எழுதிக்கொண்டார்கள். சனிக்கிழமை தவறாமல் கரி அப்பிய கையோடு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்த மனுஷனைப் பற்றி அப்படி எழுதினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். எட்டாவது வரை படித்த கை, அழகான கையெழுத்து.

பிறகு மிஷன் பெண்கள் ஹாஸ்டலில் சமையலுக்குச் சேர்ந்தேன். அங்கே மழைக்காலம் வந்தால் ஜன்னல் கம்பிகளை நானே சுரண்டி மெழுகு பூசுவேன். உனக்கெதற்கு இந்த வேலை என்பார்கள். சுரண்டிக்கொண்டே இருப்பேன். அதைத் துரு என்றே சொல்வேன், எங்கள் ஆரணிச் சொல். அன்றைக்குக் கோபத்திலாவது அதைச் சொல்லியிருக்கலாம். "துரு இருக்கு" என்றால் இரண்டே வார்த்தை. அவருக்கும் புரியும், தமிழ்தானே.

ஒன்றைச் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்துவிட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

முறிந்த கை எலும்பு கூடிய பிறகு கண்டக்டர் என்னைப் பார்க்க வந்தார். தெலுங்குக்காரர், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். என் புருஷனோடு எட்டு வருஷம் ஓடியவர். கோணிப்போன கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மோர் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அக்கா, உனக்கு ஆறுதலா இருக்கும்னு ஒண்ணு சொல்றேன். கடைசி வரைக்கும் அண்ணன் உன் பேச்சுதான் பேசிக்கினு வந்தாரு" என்றார்.

நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"சந்திரகிரியில நிக்கும்போதே பின்னால கிர்ரு கிர்ருன்னு சத்தம் வந்துச்சு அக்கா. எனக்கு மனசு சரியில்ல. அண்ணா, எறங்கி அடியில பாக்கலாமான்னு கேட்டேன். ஏமி லேதுரா, ஒண்ணுமில்லன்னாரு. 'சனிக்கெழமைதான் எம் பொண்டாட்டி பாத்தா. பண்டிகைல நான் பண்ண கூத்துக்கு எம்மேல கோவமா இருந்தா. ஆனா வண்டி விசயத்துல மட்டும் அவ கோவத்தக் காட்டமாட்டா. துப்பிட்டாடா, போலாம்'ன்னாரு. சிரிச்சிக்கினே கியர் போட்டாரு."

வெளியே யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். அந்த மணிச் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

"எனக்குத்தான் அது புரியல. நீங்க ரெண்டு பேரும் அப்பிடி ஏதோ பேசிக்குவீங்கபோல. துப்பிட்டான்னா இன்னா அக்கா அர்த்தம்?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி சுத்தமா இருக்குதுன்னு அர்த்தம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு மோரைக் குடித்தார்.